மூடிக்குள் இருந்த பெயர்

தொப்பூர்
14.8.1967

அன்பு மிகுந்த முனாப் பாய் அவர்களுக்குப் பச்சியப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் ராணியம்மாளும் பிள்ளைகளும் சுகம். உங்கள் வீட்டிலும் இரும்புக்கடையிலும் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று நம்புகிறேன். மழை பிடித்துக்கொண்டதால் கணவாயில் லாரிகள் நின்று நின்று ஏறுகின்றன. சாப்பாட்டுக் கடையில் உட்கார நேரமில்லை. இருந்தாலும் இதை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாய், எனக்கு ஒமேகா கிடைத்துவிட்டது!

கறுப்பு முகம். வினாடி முள்ளுக்கென்று கீழே தனியாகச் சின்ன வட்டம். ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒரு லாரி டிரைவர் கிடைத்த விலைக்கு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு அதன் அருமை தெரியவில்லை. என்னிடம் இருக்கிற மற்ற நாலு வாட்சையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பாவமாக இருந்தது.

உங்களுக்குச் சொன்னால் புரியும். நாள் முழுக்க எனக்குக் குழம்புக் கை. என்னைச் சுற்றி இருக்கிற எதுவும் சரியில்லை. மேசை ஆடுகிறது, கூரை ஒழுகுகிறது, வாரம் ஒரு லாரி கவிழ்கிறது. காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு இதற்குச் சாவி கொடுக்கிறேன். காதில் வைத்துக் கேட்கிறேன். உலகத்தில் ஒரு பொருளையாவது ஒருவன் ஒழுங்காகச் செய்து முடித்திருக்கிறான், அது என் கையில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதற்கப்புறம் நாள் எப்படிப் போனாலும் போகட்டும்.

ராணியம்மாள், "சோறு போடறவனுக்கு எதுக்குங்க இது?" என்கிறாள்.

என்றும் உங்கள்,
மா. பச்சியப்பன்


தர்மபுரி
21.8.1967

தம்பி பச்சியப்பனுக்கு முனாபின் ஸலாமும் கொஞ்சம் பொறாமையும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பெங்களூருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கறுப்பு முகத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறவன் நான். எட்டு வருடமாகத் தேடுகிறேன். அது தொப்பூருக்கு நடந்து வந்து உங்கள் கையில் ஏறிக்கொண்டதா?

"கை ரெண்டுதான் இருக்குது, வாட்சு ஒம்பது எதுக்குங்க?" என்று வஹிதாவும் கேட்கத்தான் செய்கிறாள். மணி பார்க்க இல்லை என்றால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

ஒன்று கேட்கிறேன். பின்மூடியைத் திறந்து பார்த்தீர்களா? உள்ளே இயந்திரம் செம்பு நிறத்தில் இருக்கும். மூடியின் உள்பக்கம் முழுவதும் மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டிருப்பார்கள். மூடிவிட்டால் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தும் எவனோ ஒருவன் உட்கார்ந்து போட்டிருக்கிறான். எனக்கு வாட்ச் என்றால் அதுதான், தம்பி. பார்க்க ஆளில்லாத இடத்திலும் வேலை சுத்தமாக இருக்கிறதே, அது.

அடுத்த மாதம் சேலம் போகும்போது இறங்கிப் பார்க்கிறேன். லென்ஸைக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அ. முனாப்


தர்மபுரி
9.2.1970

தம்பி பச்சியப்பனுக்கு,

நலமாக இருப்பீர்கள். எனக்கு மூட்டுவலி, வஹிதா உங்கள் வீட்டில் எல்லாரையும் விசாரிக்கச் சொன்னாள். உங்கள்மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வருடத்தில் நாலு தடவை உங்கள் கடைக்கு வந்துவிட்டேன். ஒமேகாவைக் கையில் கொடுத்தீர்கள், காதில் வைத்துக் கேட்கவிட்டீர்கள். மூடியைத் திறக்க மட்டும் விடவில்லை. "உள்ள தூசி போயிரும் பாய்" என்றீர்கள். என் மூன்று வாட்சுகளைக் கொடுத்து மாற்றிக்கொள்ளக் கேட்டபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். போகட்டும், நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் மண்வெட்டி, கொழுவெல்லாம் ஏற்றிக்கொண்டு பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போயிருந்தேன். நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் வந்து, "வாட்சு சேக்கற பாய் நீங்கதானுங்களா?" என்றார். பெயர் சலேத்தம்மாள், அந்த ஊர்தான். அவருடைய கணவர் சவுரியப்பன் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் கை வாட்சை இவருக்குக் கொடுத்து, மூடிக்கு உள்ளே இவர் பெயரையும் வெட்டிக் கொடுத்தாராம். அதுவும் கறுப்பு முக ஒமேகாதான்.

அறுபத்தேழு ஆகஸ்டில் முதல் வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு எஸ்டேட்டிலிருந்து கிளம்பியவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை. எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண்ணும் அதே மாதம் காணாமல் போனதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வெட்கத்தில் போலீசுக்கும் போகவில்லை. "அப்பன் ஓடிப்போன வூடு" என்று மகளுக்கு வந்த இரண்டு வரன் திரும்பிப் போய்விட்டதாம்.

"அவரு எங்க இருந்தாலும் ஒருநாளைக்கு அந்த வாட்சை விக்கத்தானுங்க போறாரு. வித்தா உங்களாட்டம் ஆளுங்க கைக்குத்தான் வரும். ஆரு வித்தாங்க, எந்த ஊருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க பாய். எனக்கு அது போதும்" என்றார்.

உங்கள் ஒமேகாவும் ஒரு டிரைவர் மூலமாகத்தானே வந்தது? அந்த ஆள் யார், எந்த ஊர் லாரி என்று நினைவிருந்தால் எழுதுங்கள். மூடியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
அ. முனாப்


தொப்பூர்
2.3.1970

முனாப் பாய் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். கடையில் ஆள் இல்லை.

என்னிடம் இருப்பது வேறு. நீங்கள் சொன்னபடி திறந்து பார்த்தேன். கம்பெனிப் பெயரைத் தவிர அதில் ஒன்றுமில்லை. விற்ற டிரைவர் வடக்கத்திக்காரன், முகம்கூட ஞாபகமில்லை. அந்த அம்மாள் சொல்கிற மாதிரி வாட்ச் ஊரில் எத்தனையோ இருக்கும்.

வந்தால் காட்டுகிறேன். இப்போது திறந்து பார்க்கலாம், தடையில்லை.

பச்சியப்பன்


தர்மபுரி
12.4.1970

தம்பி பச்சியப்பனுக்கு,

நேற்று உங்கள் கடையில் பேச நினைத்ததை அத்தனை பேருக்கு நடுவில் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்களே மூடியைத் திறந்து கொடுத்தீர்கள். பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். மூடியின் உள்ளே ஓரமெல்லாம் வட்டங்கள் இருக்கின்றன. நடுவில் விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு வட்டமும் இல்லை. வழித்துவிட்ட மாதிரி மழமழவென்று இருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரன் அப்படிச் செய்து அனுப்பமாட்டான். அது உங்களுக்கும் தெரியும்.

சந்தையிலிருந்து வந்த அன்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. அதற்கு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும். ஒமேகாவின் அருமை தெரியாத டிரைவர் இந்த ரோட்டில் எவனும் இல்லை. அறுபத்தேழிலேயே நான் கேட்டிருக்கலாம். கேட்டால் அதைக் கையில் வாங்கிப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். சவுரியப்பன் எங்கே?

அ. முனாப்


தொப்பூர்
7.6.1970

பாய்,

இரண்டு மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்தவுடன் எரித்துவிடுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். நல்ல மழை. இரண்டாவது வளைவில் ஒரு லாரி பள்ளத்தில் உருண்டது. நான்தான் முதலில் இறங்கினேன். டிரைவர் செத்துக் கிடந்தான். பக்கத்து சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கால் இரண்டும் தகரத்துக்குள் மாட்டிக்கொண்டு இருந்தார். தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. முன்பக்கம் புகைய ஆரம்பித்தது.

அவருக்கு நல்ல நினைவு இருந்தது. இடது கையை என் பக்கம் நீட்டினார். "பாப்பாரப்பட்டிங்க. இதை எங்க வூட்ல குடுத்துச் சொல்லிடுங்க. பேரு உள்ள இருக்குதுங்க, மூடிக்குள்ள" என்றார். வாட்சின் வாரை நான்தான் அவிழ்த்தேன். நான் திருடவில்லை, பாய். அவராகத்தான் கையை நீட்டினார்.

அப்புறம் தீ பிடித்துக்கொண்டது. நான் மேலே ஏறிவிட்டேன். வார் அவிழ்த்த நேரத்தில் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கால் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போலீஸ்காரர் வந்து, செத்தவரை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். வாட்ச் என் மடியில் இருந்தது. அவராகக் கொடுத்தார் என்று சொன்னால் நம்பாமல், செத்தவரிடம் பிடுங்கிக்கொண்டான் என்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. நாமே ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டி போய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். உடம்பு முகம் தெரியாமல் கருகிவிட்டதால் மறுநாள் கணவாய்க்குக் கீழே புறம்போக்கில் புதைத்தார்கள். குழி தோண்டியவன் என் கடைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற மாது.

அந்த ஞாயிறு வந்தது. சனிக்கிழமையே ஒருமுறை சாவி கொடுத்துக் காதில் வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போகலாம் என்றேன். அதற்கடுத்த நாள்தான் உங்களுக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினேன். எழுதிய பிறகு அது என்னுடையது ஆகிவிட்டது.

மூடியைத் திறந்தால் பெயர் இருந்தது. திறக்காவிட்டாலும் இருந்தது. மூன்றாம் மாதம் உப்புத்தாளும் பாலீஷும் வாங்கிவந்து தேய்த்தேன். இரண்டு நாள் ஆனது. கடைசியில் 'ச'வுக்கான இங்கிலீஷ் எழுத்து மட்டும் போகாமல் நின்றது. அதையும் தேய்த்தேன்.

பாய், இனி இதைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? பெயர் இல்லாத வாட்சை வைத்து அந்த அம்மாள் என்ன செய்வார்? எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்பாவது இருக்கட்டுமே. நம் இருவருக்குள் இது முடியட்டும். நம் இத்தனை வருடப் பழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பச்சியப்பன்


தர்மபுரி
24.6.1970

திரு. மா. பச்சியப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் எரிக்கவில்லை. வாட்சிலிருந்து பெயரை எடுத்துவிட்டீர்கள். அந்த மனிதர் செத்துப்போனதற்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி உங்கள் கையெழுத்து ஒன்றுதான். முந்தாநாளுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பாப்பாரப்பட்டிக்கு எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

சலேத்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் பிலோமினா படித்தாள். கை நீட்டிய இடம் வந்ததும் அந்த அம்மாள், "நிறுத்து, இன்னொருக்கா படி" என்றார். அந்தப் பெண்ணால் மறுபடி படிக்க முடியவில்லை. நான்தான் வாங்கிப் படித்தேன். என் வாயால் அதைப் படித்தேன்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "மூணு வருசமா கோயில்ல முட்டி போட்டுக்கிட்டு அந்த மனுசனைச் சபிச்சேனுங்க பாய். அவரு பேருக்கு ஒரு பூசை வைக்கலீங்க. கண்ணு அவிஞ்சு போகணும்னு கேட்டேனுங்க" என்றார்.

உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்பு அவருக்கு நல்லது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நினைப்பு அவருக்கு என்ன செய்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்சை வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். "அது எதுக்குங்க? அதுல இப்ப அவரு பேரு இல்லீங்களே" என்றார். உங்கள்மேல் போலீசுக்குப் போவதைப் பற்றி அந்த அம்மாளின் தம்பி பேசினார். போவார்களா என்று எனக்குத் தெரியாது. போனால், நான் தெரிந்ததைச் சொல்லுவேன். அறுபத்தேழில் நான் கேட்காமல் விட்டதையும் சேர்த்தே சொல்லுவேன்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. இன்று காலை எழுந்து ஒன்பதுக்கும் சாவி கொடுத்தேன். எப்போதும் போல ஒவ்வொன்றாகக் காதில் வைத்தேன். எப்போதும் போலவே அது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் ஞாயிறே பஸ் ஏறியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. ஆனால் அதற்காக உங்களோடு இனியும் உட்கார்ந்து டீ குடிக்க என்னால் முடியாது. எனக்கு எழுத வேண்டாம். கடைப்பக்கமும் வர வேண்டாம். வஹிதாவிடம் காரணம் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, 28ஆம் தேதி, தாயும் மகளும் அந்தத் தம்பியும் மாதாகோயில் சாமியாரை அழைத்துக்கொண்டு தொப்பூர் வருகிறார்கள். புதைத்த இடத்தில் ஜெபம் சொல்ல வேண்டுமாம். என்னையும் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போனாலும் போங்கள், இருந்தாலும் இருங்கள். ஆனால் அதற்கு முன் மாதுவைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, முள்ளை வெட்டி, ஒரு கல்லாவது நட்டு வையுங்கள். புறம்போக்கில் எந்தக் குழி என்று தெரியாமல் அந்தப் பெண்கள் வெயிலில் அலையக் கூடாது.

அ. முனாப்