நத்தைக் குழம்பும் நீ மறுத்த மொழியும்

மூன்று நாள் மெல்போர்ன் மழையில் என் முட்டைக்கோவாத் தோட்டத்தை நத்தைப் படை முற்றுகையிட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் சோற்றுப் பானை அளவு. பார்த்ததும் வாயில் வந்த சொல் நத்தை அல்ல, கோங்கி. உன்னுடைய தாரு மொழிச் சொல். செத்த பிறகும் என் வாய்க்குள் குடியிருக்க உனக்கு யார் அனுமதி தந்தது?

"என்னப்பா, நத்தையோட சண்டையே?" குசினி யன்னலால் மனைவி கேட்கிறாள்.

"நத்தையோட இல்லை. அவனோட."

"செத்த மனுசனோடயுமா?"

செத்தவனோடுதான்.

இதே மெல்போர்னின் ஃபுட்ஸ்க்ரேயில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் ரயில் பட்டறையில் வேலை. நீ நேபாளத்துத் தெற்குச் சமவெளியிலிருந்து விவசாயம் படிக்க வந்தவன். மழை விட்டதும் அயலெல்லாம் நத்தை பொறுக்கி, ஓட்டின் நுனியை உடைத்து, ஆளிவிதை அரைத்துக் குழம்பு வைப்பாய். நாம் உறிஞ்சிய சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் திசை தவறின. உறிஞ்சலுக்கு நடுவே, "எங்கள் மொழி" என்று சொல் சொல்லாகத் தந்தாய். அதுதான் நேபாளி என்று நம்பினேன். ஒரு நாட்டுக்கு ஒரு மொழிதான் என்று நம்பிய ஒரே யாழ்ப்பாணத்தான் நான்.

பிறகு அந்த விருந்து. உன் மேற்படிப்புக்குச் சிபாரிசு எழுத வேண்டிய காத்மண்டுக் கனவானின் வீடு. உன்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, எழுந்து நின்று உன் மொழியில் சோற்றைப் புகழ்ந்தேன். அவருடைய கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இது தாரு. எங்கள் வயல் கூலிகள் பேசுவது. யார் சொல்லித் தந்தது?"

உன்னைப் பார்த்தேன். நீ மீசையைத் துடைத்தாய்.

"தெரியாது, சேர். எனக்கு இந்த மொழி வராது."

சபையே என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த கிழமை அறை மாறினேன். சமாதானத்துக்கென்று என் புது வாசலில் நீ வைத்துவிட்டுப் போன குழம்பைச் சட்டியோடு குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு உன்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

இப்போது உன் அண்ணனின் கடிதம் வந்திருக்கிறது. உன் கொப்பியில் என் முகவரி இருந்ததாம். நான் உனக்குத் தராத, இந்த வீட்டு முகவரி. "அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்கிறா. அந்த ஊரில் எங்கள் மொழி பேச அவனுக்கு யாராவது இருந்தார்களா?"

பதில் எழுதிவிட்டேன். இருந்தார்கள், தினமும் பேசினான், என்னோடு, வாய் நிறையக் குழம்போடு.

விருந்தைப் பற்றி எழுதவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதே. அந்தப் பகை என் சொத்து. உன் அம்மாவுக்குக்கூட அதில் பங்கு தரமாட்டேன்.