காற்றுப் பம்பு வேண்டாம்

சிவனருளால் நலம் பெறுக, மகளே.

நீ விட்டுச்சென்ற மீன்தொட்டிக்கென அனுப்பிய காற்றுப் பம்பைத் திருப்பியனுப்புகிறேன். குற்றால அருவிக்கு எந்த எந்திரம் காற்று ஊதுகிறது? நாள்தோறும் தொட்டிநீரையே முகந்து, அபிஷேகம் செய்வதுபோல் உயரத்திலிருந்து சொரிகிறேன். நீரோடு காற்றும் இறங்குகிறது. ஒரு மீனும் வாடவில்லை.

என்னைக் கேளாமல் ஒருவனைக் கைப்பிடித்தாய். இப்போது என் கையையும் நம்பவில்லையா?

உன் அம்மா கேலி செய்கிறாள்: "மீனுக்குப் பதிகமெல்லாம் பாடுதீய. மவள வான்னு சொல்ல மட்டும் வாய் வரலியாக்கும்?"

மூட்டுவலியால் என் கை முன்போல் உயர்வதில்லை. தொட்டி உன்னுடையது, நீர் சொரியும் கடமையும் உன்னுடையதே. உடனே புறப்பட்டு வா.

மாப்பிள்ளை என்னைவிட உயரம் என்கிறாள் உன் அம்மா. அவரையும் அழைத்து வா.

சினம் தணியாத,
உன் தந்தை