டிராக்டர் ஏறியவனுக்கு

இன்று காலை அத்திபெலே சோதனைச் சாவடியைத் தாண்டியதும் நம் கம்பெனி பஸ் ஊர்ந்து ஊர்ந்து நின்றேவிட்டது. முன்னால் ஒரு பவர் டில்லர், அந்த இரண்டு சக்கரக் கை டிராக்டர். பின்னால் மாட்டியிருந்த பெட்டியில் முட்டைக்கோஸ் மூட்டைகள், மூட்டைகளின் மேல் ஒரு சைக்கிள், சைக்கிளுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு அதன் சொந்தக்காரன். பீடி பிடித்துக்கொண்டு, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவனாக உட்கார்ந்திருந்தான். டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எனக்கு வந்த கோபத்தில் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, பக்கத்து சீட்டுக்காரர் அந்த ஆள் எனக்கு வேண்டாதவனா என்று கேட்டார். அவன் பாவம், அவன் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்தது நீ.

நீ போய் இரண்டு வருடமாகிறது. போனவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். நல்லதை எல்லாம் உன் நாற்பதாம் நாள் ஜெபத்தில் ஷிப்ட்காரர்கள் முன்னால் எழுந்து நின்று பேசி முடித்துவிட்டேன். பேசி முடித்த அரை மணி நேரத்தில்தான் மற்றது தெரியவந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்பதில் நம் கம்பெனி சீனாவிலிருந்து இரண்டு மோல்டிங் மெஷின் வாங்கியது. அவற்றைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொண்டு வர உன்னையும் என்னையும் இரண்டு மாதம் அங்கே குய்லின் என்ற நகரத்துக்கு அனுப்பினார்கள். ஈஜிபுராவிலிருந்து நான் ஒரு ஃபிட்டர், லிங்கராஜபுரத்திலிருந்து நீ ஒரு ஃபிட்டர். பாஸ்போர்ட் என்பதையே இருவரும் அப்போதுதான் கண்ணால் பார்த்தோம். பயிற்சி முடிந்தபோது ஊர் திரும்ப ஒன்பது நாள் இருந்தது. அறையில் படுத்துத் தூங்கலாம் என்றேன் நான். நீதான் எங்கிருந்தோ இரண்டு பழைய சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்தாய். கறுப்பு நிறம், நல்ல கனம், கியர் கிடையாது, பின்னால் கேரியர். நம் பால்காரர் சைக்கிளுக்குக் கூடப்பிறந்தவை. தெற்கே வூசோ என்ற ஆற்றங்கரை ஊர்வரை மிதித்துப் போய், அங்கே படகு பிடித்து விமானத்துக்குப் போய்விடலாம் என்று கட்டிலின் மேல் வரைபடத்தை விரித்தாய்.

நிபந்தனை போட்டதும் நீதான். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், ஆனால் சைக்கிளை எந்த வண்டியிலும் ஏற்றக்கூடாது. மாதா மேல் சத்தியம் செய்தாய். என்னையும் எங்கள் முனீஸ்வரன் மேல் செய்யவைத்தாய். என் சத்தியம் இன்னும் அப்படியே இருக்கிறது. உன்னுடையதை நீ இப்போது மாதாவிடம் நேரிலேயே பேசித் தீர்த்துக்கொண்டிருப்பாய்.

முதல் நான்கு நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ராமநகரத்துப் பாறைகளை யாரோ பிடுங்கிக்கொண்டு போய் வயல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நட்டுவைத்த மாதிரி மலைகள் நின்றன. அறுப்புக் காலம். தார் ரோட்டில் பாதியை நெல்லுக்கு விட்டுவிட்டு மீதிப் பாதியில் ஊர்க்காரர்கள் போய்வந்தார்கள். நம் பக்கம் ராகியை ரோட்டில் போட்டு வண்டிகள் ஏறட்டும் என்று விடுவார்களே, அந்த நினைப்பில் நீ ஒரு களத்தின் மேலேயே சைக்கிளை விட, ஒரு அம்மாள் துடைப்பத்தோடு துரத்தினாள். நீ இறங்கிக் கைகூப்பினாய், அவள் சிரித்துவிட்டாள், உன் கேரியரில் இரண்டு பம்ப்ளிமாஸ் பழங்களைக் கட்டி அனுப்பினாள். தேவனஹள்ளிப் பழத்தைவிட இனிப்பு என்றாய் நீ. இல்லவே இல்லை என்று நான் நாலு கிலோமீட்டர் சண்டை போட்டேன். உன்னைப்போல ஒரு கூட்டாளி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

ஐந்தாம் நாள் அந்த மேடு வந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும், நமக்கு யார் சொல்வது. விடியும்போதே மழை. முந்தின நாளே என் இடது முட்டி பிடித்துக்கொண்டிருந்தது. முதல் வளைவிலேயே நான் இறங்கிவிட்டேன். நீ ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தாய். "நீ மெதுவா வா குரு. நான் மேல போயி டீ சொல்லிட்டு நிக்கிறேன்" என்றாய். அடுத்த வளைவில் உன் மஞ்சள் மழைக்கோட்டு மறைந்தது.

ரோட்டோரக் கற்களில் எண்களை மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரிந்தது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் எத்தனை முறை நின்றேன் என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் மிதிப்பேன், கொஞ்சம் தள்ளுவேன். ஐந்தாவது கல்லருகே சேற்றில் உட்கார்ந்து, நாற்பத்திரண்டு வயது ஆள், அம்மா அம்மா என்று அழுதேன். அப்போது மேலேயிருந்து ஒரு டில்லர் இறங்கி வந்தது. காலிப் பெட்டி. ஓட்டியவன் என்னைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகியவன்போலச் சிரித்து வண்டியை நிறுத்தினான். பெட்டியைத் தட்டினான், என் சைக்கிளைக் காட்டினான், மேலே கையைக் காட்டினான். அவன் வாயில் நம் ஊர்ப் பீடி புகைந்துகொண்டிருந்தது. வழியில் பார்த்து நீ கொடுத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் திரும்பத் திரும்பத் தட்டினான். கடைசியில் எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்து போய்விட்டான்.

மேலே நான் வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. மூங்கில் தட்டி போட்ட ஒரு டீக்கடையில் நீ நின்றுகொண்டிருந்தாய். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். நாம் ஏறிவிட்டோம், ஏறிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் உடம்பு முழுக்கச் சேறு, உன் பேன்ட்டில் ஒரு பொட்டு இல்லை. உனக்கு வியர்க்கக்கூட இல்லையே என்று நான் அதிசயப்பட்டபோது நீ மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"நான் வந்து ரொம்ப நேரம் ஆச்சு குரு. எல்லாம் காஞ்சிடுச்சு."

இப்படிச் சொல்லித்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். நானும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு அந்த மேட்டைக் கேன்டீனில் எத்தனை முறை ஏறியிருப்போம்! ஏறினது நான்தான், அதாவது கதையை ஏற்றினது. நீ எதிரில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பாய். உன்னைப்பற்றி நான் பெருமையாகச் சொல்லும்போது நீ தலையைக் குனிந்துகொள்வாய். தற்பெருமை பிடிக்காத மனுஷன் என்று அதற்கும் உன்னைப் புகழ்ந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில் கமலா போனாள். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் இருந்து என் மனைவி வீடு திரும்பவில்லை. அதன் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. நீ தினமும் ஷிப்ட் முடிந்து லிங்கராஜபுரத்துக்குப் போய், உன் மனைவி ஸ்டெல்லா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஈஜிபுராவுக்கு வந்தாய். நான் சாப்பிடும்வரை எழுந்து போகமாட்டாய். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி, இனிமேல் என்னால் முடியாது என்றேன். நீ தட்டை என் பக்கம் தள்ளினாய்.

"அந்த மேட்ட நெனச்சுக்கோ குரு. மேல எவ்ளோ தூரம்னு பாக்காத. முன் சக்கரத்த மட்டும் பாத்துகினே மிதி. நானும் அப்படித்தான ஏறுனேன்."

மறுநாள் நான் குளித்தேன். அடுத்த திங்கள்கிழமை பஸ் ஏறினேன். காலையில் எழுந்து அவளில்லாத சமையலறையைப் பார்க்கும்போதெல்லாம், நம்மால் முடியும், நாம் இரண்டு பேரும் மழையில் அந்த மேட்டையே ஏறியவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். என்னைவிடத் தெம்பானவன் நீ, உனக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது, நீயும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டுதான் மிதித்திருக்கிறாய் என்பது எனக்கு அப்படி ஒரு ஆறுதலாக இருந்தது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன் வீட்டில்தான் சாப்பாடு. ஒரு வருடம் ஸ்டெல்லா அச்சு முறுக்கைச் சுடாமல் கடையில் வாங்கியிருந்தார். "அம்மா டிராக்டர் ஏறிட்டாங்க" என்றாள் உன் மகள் ஷீலா. வீடே சிரித்தது. இன்னொரு வருடம் அவள் ட்யூஷன் நோட்டைப் பார்த்து எழுதிப் பிடிபட்டபோதும் அதே பேச்சு. உங்கள் குடும்பத்துக்குள் ஏதோ பழைய வேடிக்கை என்று நினைத்தேன். என்னவென்று கேட்பது மரியாதை இல்லை என்று நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நீ மட்டும் குழம்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தாய்.

உன் நாற்பதாம் நாளில் ஷிப்ட்காரர்கள் கேட்டார்கள் என்று அந்த மேட்டுக் கதையைத்தான் சொன்னேன். நீ முன்னால் போய் நின்றதையும், உன் குரலை நினைத்து நான் பின்னால் வந்ததையும் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஷீலா என்னையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு முற்றத்தில் பிரியாணி அண்டாக்கள் கிடந்தன. கழுவாமல் அப்படியே வாடகைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதற்கு ஷீலா, "டிராக்டர் ஏறிடலாம்மா" என்றாள். சொன்னவள் சிரித்தாள், சிரித்தவள் அழுதாள். ஸ்டெல்லாவும் அப்படியே. நாற்பது நாளில் முதல்முறையாக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீ இல்லாத தைரியத்தில் நான் கேட்டேன், இந்த டிராக்டர் எங்கேயிருந்து வந்தது என்று.

ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவரு சீனாவுல ஏறுனாரே அண்ணா, அதான். உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் பெரிய மனசு பண்ணி அப்படிப் பேசுனீங்கன்னு இல்ல நெனச்சேன்."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாவது வளைவில் உனக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அங்கே பக்கத்துக் குவாரியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு மேலே போன டில்லரில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு நீயும் ஏறி உட்கார்ந்துவிட்டாய். மேலே போனதும் ஒரு கட்டுப் பீடியை அவன் கையில் வைத்து, கீழே இன்னொருவன் வருகிறான், அவனையும் ஏற்றிக்கொண்டு வா என்று சைகை காட்டி அனுப்பியிருக்கிறாய்.

"நீங்களும் அதுல வந்துடுவீங்க, ரெண்டு பேரும் சிரிச்சிக்கலாம்னு நின்னாராம். நீங்க மிதிச்சே வந்து கட்டிப்புடிச்சிகினு அழுதீங்களாம். அப்புறம் வாய் வரலன்னு சொல்வாரு அண்ணா."

அந்த நிமிடம் உனக்கு வாய் வராததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நானே உன் இடத்தில் இருந்தால் விழுங்கியிருப்பேன். அதற்குப் பிறகு வந்த வருடங்களுக்கு என்ன சொல்கிறாய்? உன் மனைவிக்குச் சொல்ல வாய் வந்தது. பிள்ளைக்குச் சொல்ல வந்தது. உங்கள் வீட்டில் அது ஒரு பழமொழியாகும் அளவுக்கு வந்தது. நான் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என்னைப்பற்றிய வேடிக்கைக்கு நானே சிரித்திருக்கிறேன். என் காதில் ஒரு கூடைப் பூவைச் சுற்றிவிட்டு எல்லாருமாக அழகு பார்த்திருக்கிறீர்கள். அதைக்கூட விட்டுவிடுகிறேன். கமலா போன வீட்டில், என் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, "நானும் அப்படித்தான ஏறுனேன்" என்றாயே. முந்தின வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் என்ன? அதுவே எனக்குப் போதுமே. நான் பிடித்து எழுந்தது அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான். அவை பொய் என்று தெரிந்த அன்று, கமலா இரண்டாம் முறை செத்துப்போனது போலிருந்தது.

இரண்டு கிறிஸ்துமஸாக நான் உன் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டெல்லா போன் செய்யும்போது ஷிப்ட் என்கிறேன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கேன்டீனில் யாராவது சீனாக் கதையைக் கேட்டால் மறந்துபோச்சு என்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கதையே தெரியாது.

நிஜமாக ஏறியவர் நீங்கள் மட்டும்தான் என்று ஸ்டெல்லா அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். குளிர்காலத்தில் இடது முட்டி வலித்துப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீ நினைத்திருப்பாய், நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அந்த டில்லரில் ஏறவில்லை என்று. உன் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். அப்படி இல்லை. முனீஸ்வரன் என்ன, ஒரு கோழி கொடுத்தால் மன்னித்துவிடுவார். அந்த ஆள் பெட்டியைத் தட்டிக் கூப்பிட்டபோது எனக்கு ஏறிப் படுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. நீ அந்த மழையில் தனியாக மிதித்துக்கொண்டு போகிறாய், நான் எப்படி உட்கார்ந்து வருவது என்றுதான் ஏறவில்லை.