பரணில் இருந்த குஸ்தி நோட்டீஸ்

1914 ஒக்டோபர் 5, திங்கள்

மத்தியானம் வரை வெயில். பிறகு இடியோடு மழை. கடைக்குள் ஒழுகல், சரியாக எண்ணெய்த் தகரத்துக்கு மேலே. ஓடு மாற்ற ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை யுத்தத்துக்குப் போகிறாராம். பங்களாவைக் காலி செய்கிறார்கள். பழைய பத்திரிகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பங்களாச் சமையல்காரர் வந்தார். சீனி, பருப்பு சுற்றுவதற்கு எடைக்கு வாங்குவது வழக்கம். சுற்றுவதற்கு முன் நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது பதுளைக் கடைத்தெருவுக்கே தெரிந்த பைத்தியம். குதிரைப் பந்தயம், கிரிக்கெட், குத்துச்சண்டை, எதுவானாலும் அது பரணுக்குப் போய்விடும்.

இன்று கட்டின் அடியில் ஒரு சுவர் நோட்டீஸ். கொழும்பில் நடந்த குஸ்தி. பஞ்சாபிப் பயில்வானும் துருக்கிப் பயில்வானும். இங்கிலீஷ், சிங்களம், தமிழ், மூன்றிலும். சிவப்பு மை இன்னும் அப்படியே. விரித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

மறக்காமல் குறிக்கிறேன்:
பின்பக்கம் பசை இல்லை. ஒட்டவே படாதது.
ஓரம் எங்கும் கிழியவில்லை. மடிப்பில் மட்டும் மை உதிர்ந்திருக்கிறது.
அச்சகத்தின் பெயர் அடியில் உண்டு.
மாதம், கிழமை உண்டு. வருஷம் இல்லை. பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியதாக இருக்கும்.

இப்படி ஒட்டாத நோட்டீஸ் என்னிடம் வேறு இல்லை. விலை? கொழும்பில் கேட்டால்தான் தெரியும். கேட்க மனமில்லை.

மனைவி ஜுலைகா எட்டிப் பார்த்தாள். ரெண்டு ஆம்பளைங்க சட்டையில்லாம நிக்கிற படத்தை வீட்டில் எங்கே மாட்டப் போகிறேன் என்று கேட்டாள். மாட்டப் போவதில்லை என்றேன்.

ஒக்டோபர் 7, புதன்

மூடுபனி. பல் வலி, இடது பக்கம். கிராம்பு.

இன்ஸ்பெக்டர் செல்லத்துரை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஊர்ச் சுத்தம், சாக்கடை, கடைகளில் எலி, எல்லாம் அவர் பொறுப்பு. என் பைத்தியம் அவருக்கும் உண்டு. வெள்ளைக்காரக் கோஷ்டிகள் கப்பலை விட்டிறங்கிக் கொழும்பில் கிரிக்கெட் ஆடியபோது அச்சிட்ட ஸ்கோர் தாள்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். அதைப் பார்த்து எனக்கு எத்தனையோ நாள் வயிற்றெரிச்சல்.

நோட்டீசைக் காட்டியிருக்கக் கூடாது. பெருமை தாங்கவில்லை, காட்டிவிட்டேன். மூன்று மொழியிலும் வாசித்துப் பார்த்தார். பிறகு, "என்ர தாள் முழுவதையும் பெட்டியோடை தாறன். இதை எனக்குத் தாரும்" என்றார்.

பெட்டி முழுவதும்! அவரே நினைத்துச் சொன்னாரா, வாய் தவறியதா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முகம் வாடிப் போனது. போகும்போது கொழும்புச் செய்தி சொன்னார். பிளேக் நோய் அங்கே குறையவில்லையாம். எலி செத்துக் கிடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம் என்று கடை கடையாகச் சொல்லி வருகிறார்.

ஏன் அந்த நோட்டீஸ் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை? அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஒக்டோபர் 9, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தேன். கடைக்குள் வாடை. கருவாட்டுச் சாக்கு என்று நினைத்தேன். இல்லை. பரணில் ஏறினேன். காகிதப் பெட்டிக்குப் பின்னால் எலி. செத்து, ஊதி, மேலே எறும்பு.

பெட்டியின் மூலையைக் கடித்திருக்கிறது. பந்தயத் தாள்கள் சிலதைப் பொடியாக்கிக் கூடு கட்டியிருக்கிறது. நோட்டீசைத் தொடவில்லை.

முதலில் நோட்டீசைத்தான் பார்த்தேன். பிறகுதான் எலியை நினைத்துப் பயந்தேன். இது எழுத வெட்கமாக இருக்கிறது.

எலி சாகாத கடை உண்டா? பூனை கடித்திருக்கலாம். பக்கத்துக் கடையில் மருந்து வைத்திருக்கலாம். ஆனால் பரணுக்குக் கீழே கொழும்பிலிருந்து வந்த அரிசி மூட்டைகள். பண்டாரவளை வரை ரயிலில், அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தவை. அதற்குள் இருந்து வந்திருந்தால்?

வாளியைக் கவிழ்த்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடையைப் பூட்டுவார்கள். காகிதம் முழுவதையும் எரிப்பார்கள். மகள் ஆமினா மடியில் ஏற வந்தாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று ஓடினேன். எத்தனை தரம் கழுவினேனோ.

ஒக்டோபர் 10, சனி

மழை விடவில்லை.

தோட்டத்துக் கூலிகளுக்குத் தலைவரான பெரிய கங்காணி முத்துக்கருப்பன் வண்டிகளோடு வந்துவிட்டார். யுத்தத்தால் தோட்டத்துக்கு வர வேண்டிய அரிசி தாமதம். துரை என் கடையில் எடுக்கச் சொல்லியிருக்கிறார். போன வாரமே பேசி முடித்தது. இந்த மூட்டைகள்தான்.

அரிசி இன்னும் சரியாகவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். மூட்டைகள் அவர் கண்முன்னே அடுக்கியிருக்கின்றன. அவற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"லயத்துல நேத்தே அடுப்பு எரியலைங்க, மொதலாளி. புள்ளைக பெலாக்காய அவிச்சுத் தின்னுட்டு இருக்குதுக. வெல கூடிப் போச்சுன்னா சொல்லிடுங்க, நான் தொரைகிட்ட பேசுறேன்."

விலை இல்லை, வேறு காரணம் என்றேன். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. கூலிகளின் வரிசை வீடு, ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் படுக்கிற லயம். அங்கே இந்த மூட்டைகள் இறங்கினால்?

ஏற்றி அனுப்பிவிட்டால் என் கடையில் ஒன்றும் மிஞ்சாது, யாருக்கும் தெரியவும் வராது. அந்த எண்ணமும் வந்தது. வாயில் வெற்றிலையைப் போட்டு அடக்கிக்கொண்டேன்.

வெறும் வண்டிகளோடு திரும்பினார்.

ஒக்டோபர் 11, ஞாயிறு

அரிசி மூட்டைகளுக்கு இடையில் இன்னொரு செத்த எலி. இது இன்னும் விறைக்கவில்லை.

ஜுலைகாவிடம் சொன்னேன். உள்ளே போனாள். ஆமினாவின் துணிகளை மூட்டை கட்டினாள். பண்டாரவளையில் தன் கூடப்பிறந்த நானா வீட்டுக்குப் போகிறாளாம், இப்போதே வண்டி பிடிக்க வேண்டுமாம். வாசலை மறித்து நின்றேன். நம்மிடம் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அங்கே உள்ள பிள்ளைகளுக்கும் கொண்டுபோவோம் என்றேன்.

"அப்ப இங்கேயே கெடந்து சாகவா சொல்றீங்க? எம்புள்ளையவிட ஒங்களுக்கு அந்தக் காகிதம் பெருசாப் போச்சா?"

வெள்ளிக்கிழமையே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு நடந்தேன். வழியில் இரண்டு தரம் நின்றேன்.

அவர் சாப்பாட்டில் இருந்தார். எச்சில் கையோடு எழுந்து வந்து கேட்டார். எப்போது பார்த்தீர் என்று மட்டும் கேட்டார். வெள்ளி என்றேன். சாப்பாட்டை அப்படியே விட்டுக் கையைக் கழுவப் போனார்.

ஒக்டோபர் 12, திங்கள்

வெயில். வேண்டாத நாளில் நல்ல வெயில்.

எலிகள் தகரத்தில் அடைபட்டு ஆஸ்பத்திரிக்குப் போயின. அங்கிருந்து கொழும்புக்கு. அரிசியைப் பிரித்து வெயிலில் கொட்டினார்கள். சாக்குகள் எரிந்தன. தோட்டத்தில் ஆளெண்ண வரிசை கட்டுகிற பெரட்டு மாதிரித் தெருவே திரண்டு எதிர்ப்பக்கம் நின்றது. பக்கத்துக் கடைக்காரர் மூக்கைத் துணியால் மூடியிருந்தார்.

பிறகு பரண். காகிதம் முழுவதும் எரிய வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். எலி கூடு கட்டிய இடம், தெள்ளுப்பூச்சி தங்கியிருக்கும். நோட்டீசை மட்டும் விட முடியாதா, எலி அதைத் தொடவில்லையே, வெயிலில் காய வைக்கிறேன், கந்தகப் புகை போடுங்கள். என்னென்னவோ கெஞ்சினேன். தலையை ஆட்டினார். தனக்குக் கிடைக்காதது என்னிடமும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ? அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்கு அது தெரிந்தது. அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"நான் கேட்டதை நீர் மறந்திருக்க மாட்டீர். அந்தக் கோவத்திலை எரிக்கிறன் எண்டு நினைக்க வேண்டாம். இதை எடுத்து என்ர வீட்டிலை வைச்சாலும் ஆரும் கேக்கப் போறதில்லை. ஆனா நாளைக்கு இன்னொரு கடையிலை போய் எரி எண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

நெருப்பு பின்முற்றத்தில். பந்தயத் தாள்கள், குத்துச்சண்டைப் படங்கள், எல்லாம் அள்ளி அள்ளிப் போட்டார்கள். கடைசியாக நோட்டீஸ். அதை என்னையே பிடிக்கச் சொன்னார். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. விரித்துப் பிடித்து மேலிருந்து கீழ் வரை இருவரும் ஒரு தரம் வாசித்தோம். அப்போதுதான் சொன்னார், அந்தக் குஸ்தியைப் பார்த்தவர் அவர். படிக்கிற காலத்தில், டிக்கெட்டுக்குக் காசில்லாமல், வேலிக்கு வெளியே மரத்தில் ஏறி.

யார் ஜெயித்தது என்று கேட்டேன். இந்த ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மழை வந்து குழப்பிப்போட்டுது. ரெண்டு பேரும் நனைஞ்சு கொண்டு நிண்டவங்கள். முடிவே இல்லை."

இருவரும் ஒன்றாகத்தான் கையை விட்டோம்.

ஒக்டோபர் 14, புதன்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. நாங்கள் மூவரும் இங்கேதான். கொழும்பிலிருந்து பதில் வரும்வரை வெளியே போகக் கூடாது. சாப்பாட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தகரத்தில் மழைச் சத்தம், பேசினால் கேட்பதில்லை. ஜு. முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள்.

சவரக் கத்தி கொண்டுவர மறந்துவிட்டேன். பல் வலி நின்றுவிட்டது, எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

ஒக்டோபர் 16, வெள்ளி

ஆமினாவுக்குக் காய்ச்சல்.

காலையில் முனகினாள். உடம்பு அடுப்பு மாதிரி. ஜு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் தடவித் தடவிப் பார்க்கிறாள். கட்டி இருக்கிறதா என்று. நானும் பார்த்தேன். இல்லை. பிறகு இருக்கிற மாதிரி. மறுபடி இல்லை.

டாக்டர் வரும்வரை குர்ஆனைக் கையில் வைத்திருந்தேன். ஓத முடியவில்லை. யா அல்லாஹ், காகிதம் போனதற்கு நான் அழுதேனே, அதைக் கணக்கில் வைக்காதே.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். நாளை பார்க்கலாம் என்றார். நாளையா!

ஒக்டோபர் 17, சனி

முகமெல்லாம் சிவப்புப் புள்ளி. தட்டம்மை. வெறும் தட்டம்மை. டாக்டர் சிரித்தார். ஜு. என் தோளில் தலையை வைத்து அழுதாள்.

ஒக்டோபர் 19, திங்கள்

கங்காணி முத்துக்கருப்பன் வந்தார். அரிசி வேறு கடையில் எடுத்துவிட்டாராம். கொட்டகைக்கு வெளியே, காவலாளி நிறுத்திய இடத்தில் நின்று பேசினார். ஊரில் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார். வெறும் வண்டியோடு அனுப்பினதுக்காக அன்றைக்கு வழியெல்லாம் என்னை ஏசினாராம்.

"அன்னிக்கு ஏத்தி விட்டிருந்தீங்கன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றார். பாப்பாவுக்கு என்று கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 24, சனி

கொழும்பிலிருந்து பதில். எலிகள் அழுகிவிட்டதால் ஒன்றும் சொல்ல முடியவில்லையாம். நோய் இருந்ததா, இல்லையா? இனி யாருக்கும் தெரியாது. எங்களை வெளியே விட்டார்கள். நாங்கள் சுகம். லயத்திலும் யாருக்கும் ஒன்றுமில்லை.

எரித்தது வீணா? இந்தக் கேள்வியை ஜு.விடம் கேட்டேன். "புள்ள இருக்கா, பாருங்க" என்றாள்.

ஒக்டோபர் 27, செவ்வாய்

கடை திறந்து மூன்றாம் நாள். ஆள் வருவதில்லை. தெருவில் போகிறவர்கள் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள். ஓடு மாற்றியாயிற்று.

இன்ஸ்பெக்டர் செல்லத்துரை வந்து சீனியும் தேயிலையும் வாங்கினார். எல்லாரும் பார்க்க, வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். மெதுவாகச் சொன்னார்: கொழும்புக்கு மாற்றல். பிளேக் வேலைக்கு. செத்தவர்களின் வீடுகளுக்குள் போய்ச் சுத்தம் செய்விக்க வேண்டும். அங்கே இருந்த ஒருவர் போன மாதம் இறந்துவிட்டாராம், அவர் இடத்துக்கு. காலியான கோப்பையை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். பார்க்காத மாதிரி இருந்தேன்.

"என்ர தாள்ப் பெட்டியை உம்மட்டை விட்டிட்டுப் போகலாமோ? ஈரம் படாமல் வைச்சிரும். நான் திரும்பி வந்தா எடுக்கிறன்."

வராவிட்டால் என்பதை அவர் சொல்லவில்லை. ஜு. என்ன சொல்வாளோ என்று உள்ளே திரும்பிப் பார்த்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பரண் வேண்டாம், பீரோவில் இடம் பண்ணித் தருகிறேன் என்றாள்.

ஒக்டோபர் 30, வெள்ளி

ஹஜ்ஜுப் பெருநாள். பள்ளிவாசலில் என் பக்கத்தில் ஆள் நின்று தொழுதார். இடைவெளி விடவில்லை. மனசு குளிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் பெட்டியை நேற்றே தந்துவிட்டுக் காலைத் தபால் வண்டியில் பண்டாரவளைக்குப் போய்விட்டார். தொழுகையால் வழியனுப்பப் போக முடியவில்லை. போயிருக்கலாம், வண்டி தாமதமாகத்தான் கிளம்பியதாம்.

நவம்பர் 6, வெள்ளி

மழை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. வியாபாரம் கொஞ்சம் பரவாயில்லை.

இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம் இல்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுகிறேன் என்றார். கொழும்புப் பத்திரிகை வந்தது. நோயால் இறந்தவர்கள் பற்றிய பத்தியை இரண்டு தரம் வாசித்தேன். பேர் போடவில்லை, தெருக்களின் பேர் மட்டும்தான். விளையாட்டுப் பக்கத்தை இன்னும் பிரிக்கவில்லை.