சுவரில் வரும் கூட்டம்

ஐப்பசி 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. தலைமையாசிரியர் மதியமே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மாத்திரை.

இன்றும் இவர் சுவரைப் பார்த்து, "தோ, குடை புடிச்சிக்கினு போறாங்க பாரு" என்றார். அங்கே வெறும் சுண்ணாம்புதான். சர்க்கரை வியாதியில் கண் மங்கியதிலிருந்து இப்படி. குடை குதிரையாகுமாம், குதிரை பூச்சரமாகுமாம்.

பெரிய நாத்தனார் காதில் விழுந்துவிட்டது. "அவன் மேல எதுவோ ஏறிக்கினு கீது சரசு. வெள்ளிக்கியம பூசாரியாண்ட இட்டுக்கினு போலாம். ஓட்டிடுவாரு."

சரி என்று சொல்ல வாய் வரவில்லை. பேய்கள்தான் என்றால் மலரும் அதில் இருக்கலாமே. போன வருஷம் காய்ச்சலில் போன என் பெண். அவளையும் சேர்த்து ஓட்டிவிட்டால்? வாத்தியாரம்மா நினைக்கிற நினைப்பா இது! நினைத்தேன்.

புதன்

லீவு போட்டு, பஸ் பிடித்து, காஞ்சிபுரம் கண் டாக்டரிடம். நல்ல மனுஷர். "பைத்தியமெல்லாம் இல்லம்மா. கண்ணு சரியா தெரியாததால மூளையே படம் காட்டுது." வியாதியின் பெயரில்லை, இப்படி மாறி மாறி வரும் காட்சிகளுக்கு ஏதோ இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். எழுதி வாங்கிக்கொண்டேன்: ஃபான்டஸ்மகோரியா.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் கையை விடவேயில்லை. "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லியே?" திரும்பத் திரும்ப இதே. பாவம், இத்தனை நாள் அந்தப் பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு.

வியாழன்

வெயில். ஒருவழியாகத் துணி காய்ந்தது. மாலை உத்திரமேரூர் லைப்ரரி, தடி அகராதி. கிரேக்கத்தில் ஃபான்டஸ்மா என்றால் ஆவி, மாயத்தோற்றம். பின்பாதி 'கூட்டம்' என்ற சொல்லாக இருக்கலாமாம், நிச்சயமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வேடிக்கைக்கு வைத்த பெயர். இருட்டறை, திரைக்குப் பின்னால் விளக்கு, கண்ணாடியில் வரைந்த ஆவிகள். விளக்கை நகர்த்த நகர்த்த ஆவி பெரிதாகிக் கிட்டே வருமாம். காசு கொடுத்துப் போய் அலறியிருக்கிறார்கள்!

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வீடு வரும்வரை மனசில் ஓடியது 'ஆவிகளின் கூட்டம்' மட்டும்தான்.

வெள்ளி

நாத்தனார் எலுமிச்சம்பழத்தோடு வந்தாயிற்று. இருவரையும் உட்காரவைத்து விளக்குக் கதையைச் சொன்னேன். இவர் விழுந்து விழுந்து சிரித்தார், எத்தனை மாசத்துக்கு அப்புறம்! "யக்கா, என் தலைக்குள்ளவே டூரிங் டாக்கீஸ் ஓடுது. டிக்கெட்டே இல்ல." நாத்தனார் முறைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெரு தாண்டியதும் கேட்டேவிட்டேன். "அந்தக் கூட்டத்துல நம்ம மலரு கீறாளா?"

இவர் சிரிப்பு நின்றுபோயிற்று. "இல்ல சரசு. ஒர்த்தரும் தெரிஞ்ச மூஞ்சி இல்ல. நானும் தெனம் தேடிக்கினுதான் கீறேன்."