இன்ஸ்பெக்டரின் மாப்பிள்ளை சறுக்கி விழுந்தார்

பழவேற்காடு
18-12-1956

அன்பு மகள் மெஹர்னிசாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் சிம்லாக் குளிரில் சுகமாக இருக்க அல்லாஹ் துணை. இங்கே உன் உம்மா சுகம், ஆடு சுகம், நானும் சுகம் என்று எழுதுவதற்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் இடுப்பு இப்போது எப்படி? கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ஏன் என்று சொல்கிறேன், சிரித்துக்கொள், ஆனால் பாதியில் நிறுத்திவிடு, பின்பாதி சிரிக்கும்படி இல்லை.

பள்ளிக்கூட டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் குளிர்காலத்தைப் பற்றிச் சொந்தமாகக் கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நம் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் சளியைத் தவிர வேறென்ன தெரியும் என்று நினைத்து, பாடத்துக்கு ருசியாக இருக்கட்டுமே என்று உன்னுடைய போன கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். கூரையெல்லாம் வெள்ளை, குடத்துத் தண்ணீர் கல்லாகிவிட்டது, உங்கள் மாப்பிள்ளை வாசலில் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், நானும் குஷியாகி இந்தத் தொப்பையோடு விழுந்தே காட்டி இன்னொரு தடவை வாசித்தேன். வாத்தியார் இரண்டு தடவை வாசித்தால் அது மனப்பாடத்துக்கு என்பது நம் பள்ளிச் சட்டம், போட்டவனும் நான்தான். இன்ஸ்பெக்டர் வந்து முதல் நோட்டைத் திறந்தார், பழவேற்காட்டுக் கூரையெல்லாம் வெள்ளை, உங்கள் மாப்பிள்ளை சறுக்கி விழுந்தார். இரண்டாவது நோட்டிலும் விழுந்தார். கடைசி வரிசை வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தார். மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இன்னாய்யா வாத்தியாரே, எனக்குப் பொண்ணே கெடையாது, எந்த மாப்பிள்ளைய்யா வுழுந்தான்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மகளே. அவருக்கு வரவில்லை.

இந்தப் பிள்ளைகள் எழுதக் கற்கவில்லை, பார்த்து எழுதத்தான் கற்றிருக்கிறார்கள், பொங்கல் கழிந்து மறுபடி வருவேன், ஒருத்தியாவது தன் மனசிலிருந்து நாலு வரி எழுதாவிட்டால் இந்தப் பெண்பிள்ளைகள் பள்ளியை மூடிவிட்டுக் கடைத்தெருப் பையன்கள் பள்ளியோடு சேர்க்கச் சொல்லி மேலே எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைத்தெருப் பள்ளிக்கு மீன் ஏலக் கூட்டத்தைத் தாண்டிப் போக வேண்டும், எந்த உம்மா அனுப்புவாள்? ரஷீதாவின் உம்மா நேற்றே வந்து, "அங்கெல்லாம் அனுப்ப மாட்டோம் சார், எட்டு வயசாச்சு, ஊட்டுல இருந்து மீன் கழுவக் கத்துக்குனா போதும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனாள். எனக்கென்ன, பொன்னேரிப் பக்கம் மாற்றல் போடுவார்கள், அங்கேயும் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருப்பேன். இவர்களுக்கு இந்தத் தெருவை விட்டால் வேறு பள்ளி கிடையாது.

நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். விடிந்ததும் வாசல் மணலை மிதித்துவிட்டு வந்து கால் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னேன், "எப்டி இருந்துச்சுன்னு எழுதணும் சார்?" என்று கேட்கிறார்கள். மீனுக்குக் குளிருமா என்று எழுதச் சொன்னேன், விடையைச் சொல்லிவிட்டால் எழுதுகிறோம் என்கிறார்கள். ஒருத்தி மட்டும், ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கிக் கால்வாய்ப் படகில் மெட்ராசுக்கு அனுப்புகிறாரே கமால், அவர் மகள் பத்ருன்னிசா, சிலேட்டை மடியில் மறைத்துக்கொண்டு ஏதோ கிறுக்கினாள். எட்டிப் பார்த்தேன். 'காற்று அடித்தால் கால்வாயில் படகு போகாது. வாப்பா கட்டிலில் படுத்து எல்லாரையும் திட்டுவார். உம்மா வெறும் கஞ்சி வைத்து, குளிருக்கு இதுதான் நல்லது என்பாள். நான் ஆமாம் என்பேன்.' இவ்வளவுதான். நான் மூக்கைச் சிந்துகிற மாதிரி வெளியே போய்விட்டு வந்தேன். அதற்குள் பக்கத்துச் சிலேட்டுகளைப் பார்த்துவிட்டு எச்சில் தொட்டு அழித்துவிட்டாள். மறுபடி எழுதும்மா என்று கெஞ்சினேன், வாத்தியார் கெஞ்சுகிறார் என்றதும் பயந்து, "தப்பு சார், அது யாரு சிலேட்டுலயும் இல்ல" என்கிறாள். நானே அதை எழுதிக்கொடுத்தால் மறுநாள் வகுப்பு முழுக்க எல்லா வாப்பாவும் கட்டிலில் படுத்துவிடுவார்கள்.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். முதலில் ஆளுக்கொரு கட்டுரை உன்னையே எழுதி அனுப்பச் சொல்லலாம் என்று இருந்தேன், என் புத்தி அவ்வளவுதான் போகும். இப்போது கேட்பது வேறு. பத்ருன்னிசா பேருக்கு ஒரு கார்டு போடு. சிம்லாவைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். நம் ஊரில் இப்போது எப்படி இருக்கிறது, காற்று அடிக்கிறதா, உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று உண்மையாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேள். நான் கேட்டால் அது பாடம், எனக்கு விடை தெரியும் என்று அவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு மரியாதை உண்டு, அதை மட்டுமே நம்பி இருக்கிறேன்.

கமால் அவளைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. கார்டு வரப்போகிறது, அதுவரைக்கும் அனுப்புங்கள் என்று உன்னைக் கேட்காமலேயே அவர் வீட்டில் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தரட்டும். இதைப் படித்து முடித்த கையோடு எழுது மகளே. தபால்காரர் இந்தத் தெருவுக்குள் நுழைந்தால் அந்தப் பிள்ளை இப்போதே எழுந்து நிற்கிறாள்.

உன் வாப்பா,
அப்துல் வஹாப்