இல்லாத கொட்டைக்குக் கழிவு

1969 பங்குனி 20, கடத்தூர் சந்தை நாள்.

ஆரோக்கியமேரி என்ற குடியானவப் பெண் இன்று சந்தையில் கழிவு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புளியில் கொட்டை இருக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ எடையில் கழிப்பது புளி வியாபாரிகளாகிய எங்கள் வழக்கம். அவள் சரக்கை யாரும் தொடக்கூடாது என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மத்தியானம் வரை அவளுடைய ஆறு மூட்டையும் வெட்டவெளியில் கிடந்தன. மேற்கே மேகம் கட்டியது. நனைந்தால் புளி பாழ்.

"எல்லாரும் குடுக்கறாங்க. உனக்கு மட்டும் என்னம்மா வீம்பு?" என்றேன்.

"வீம்பு இல்லீங்கண்ணா. ஒரு மாசம் வூட்டுல உக்காந்து தட்டித்தட்டி எடுத்திருக்கறேன். இல்லாத கொட்டைக்கு எதுக்குங்க கழிவு? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, மூட்டைய வுட்டுட்டே போறேன்."

முழங்கை வரை கைவிட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் தன் சரக்கு இன்னதென்று அவளுக்குத் தெரியும். சரக்கு பார்க்க எனக்கும் தெரியும். பிறகு எதற்குக் காலையில் தலையாட்டினேன்?

தராசைக் கொண்டுவரச் சொன்னேன். தலைவர் ஓடிவந்தார்.

"இனிமே உன் சரக்கை எவனும் வண்டியில ஏத்தமாட்டான், பாத்துக்க."

"தலைச்சுமையா வித்து வந்தவன் மாமா நானு. தலை இன்னும் இருக்குது" என்றேன். பக்கத்தில் நின்ற கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள்.

ஆறு மூட்டையும் எடுத்துக்கொண்டேன். இன்றைய சந்தை விலை, எடைக்கு எடை, கழிவு இல்லை.